ஒரு விநாடியில் சிக்கும் ஷட்டர்

அடுகோடி சிக்னலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. பின்னால் இருந்தது ஒரு தையல் மெஷின் ரிப்பேர் கடை. பதினான்கு மாதம் அங்கே வேலை பார்த்தேன், அங்கேயே படுத்தேன். அன்று காலை கடைக்காரர், பின்னறையைக் குடோனாக்கப் போகிறேன், படுக்க வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். வேலை இருக்கிறது, இடம்தான் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். நல்ல மனிதர். எனக்குத்தான் அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாயைச் சுருட்டச் சொன்னால் நான் பையையும் சேர்த்துக் கட்டிவிடுவேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் ஏறக்குறைய அப்படித்தான்.

தோளில் துணிப்பை, கையில் ஸ்க்ரூடிரைவர்களும் குறடும் சுருட்டி வைத்த தோல் உறை. எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் ரிச்மண்ட் ரோடு பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது. லிங்கராஜபுரத்தில் ஒரு டீச்சர். மழைக்காலத்தில் அவருடைய அம்மாவின் கால் தையல் மெஷினைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். நம்பரை வைத்திருந்திருக்கிறார்.

"அண்ணா, நீங்க சின்னச் சின்ன ஸ்பிரிங் எல்லாம் பிரிச்சு மாட்டுவீங்கல்ல? ஒரு கேமரா லென்ஸ் இருக்கு. நாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும்."

கேமராவை நான் தொட்டதே இல்லை என்றேன். கேமரா ரிப்பேர்காரர் இரண்டு பேரிடம் கேட்டாகிவிட்டதாம். ஒருவர் பதினைந்து நாள் ஆகும் என்றாராம், இன்னொருவர் கையில் வாங்கவே இல்லையாம். அன்று வெள்ளிக்கிழமை. சரி, வருகிறேன் என்றேன். அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி, நடந்தே போனேன். டிசம்பர் மாதம். மதியம் மூன்று மணிக்கே வெயிலில் சூடு இல்லை.

வீட்டில் இருந்தது அம்மாவும் மகளும் மட்டும். மகளுக்கு நாற்பது வயதிருக்கும். அம்மா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் நான் பார்த்தபோது வாய் ஓயாமல் பேசினார். இப்போது இடது தாடையில் ஒரு கட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு. பேச்சு மெதுவாக, ஒரு பக்க வாயால் வந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பாத்துக்கோப்பா. இந்த மூஞ்சி திங்கக்கிழம காலைல வரைக்கும்தான். அப்புறம் டாக்டர் பாதி தாடைய எடுத்துட்டு, கால் எலும்ப வெட்டி வெப்பாராம். எது எங்க இருந்துதுன்னு எனக்கே தெரியாது."

அதற்கு முன்னால் அம்மாவின் முகத்தை, அதே அளவில், அதே முகமாக எடுத்து வைக்க வேண்டும். மகளுக்கு அவ்வளவுதான் வேண்டும். போனில் எடுத்த படங்கள் நிறைய இருந்தன. அம்மாவுக்கு அவை ஆகவில்லை. "போன்ல பேடா, வேணாம். எல்லாம் விரல வெச்சுத் தள்ளிட்டுப் போறதுக்குத்தான்" என்றார். மகள் பள்ளி விடுமுறைகளில் ஒரு வகுப்புக்குப் போய், பெட்டி கேமராவில் படம் எடுக்கக் கற்றிருந்தார். துருத்தி வைத்த மரக் கேமரா. ஃபிலிம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. அந்த அளவில் கேமரா ஃபிலிம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று எக்ஸ்ரே ஃபிலிம் போட்டு எடுப்பார். சிவப்பு பல்பு போட்ட குளியலறையில் வைத்துக் கழுவுவது. அந்த வேலையில் அம்மா கெட்டிக்காரர். இருபது வருடம் எக்ஸ்ரே அறையில் பார்த்ததைத்தான் வீட்டிலும் செய்தார். ஃபிலிமை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து அச்செடுத்தால் முகம் முகத்தின் அளவிலேயே வரும்.

லென்ஸை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவு வட்டம், முன்னும் பின்னும் கண்ணாடி, நடுவில் கறுப்புத் தகடுகள். பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை இழுத்துவிட்டு இன்னொன்றை அழுத்தினால் தகடுகள் விரிந்து மூடும், அதுதான் ஷட்டராம். எவ்வளவு நேரம் விரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரு வளையத்தைத் திருப்பி வைக்கலாம். வேகமான எண்களில் 'டிக்' என்று சரியாக ஓடியது. அரை விநாடி, ஒரு விநாடி என்று வைத்தால்தான் சிக்கல். திறக்கும், உள்ளே 'ர்ர்ர்' என்று பல்சக்கரங்கள் ஓடும், சத்தம் பாதியில் இளைத்து நின்றுவிடும். தகடுகள் திறந்தபடி கிடக்கும். விரலால் தட்டினால் மூடும்.

அந்த ஒரு விநாடிதான் அவருக்கு வேண்டும். கிட்டத்தில் வைத்து எடுக்கும் முகத்தில் மூக்கு தெளிவாக இருந்தால் காது கலங்கிப்போகும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும், அதனால் நேரம் நீள வேண்டும். மாடிக்குப் போய் வெயிலில் உட்கார அம்மா சம்மதிக்கவில்லை. நான்கு பக்கமும் மாடி, நான்கு பக்கமும் ஆட்கள். ஜன்னல் ஓரத்து நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்.

மொட்டை மாடிப் படி முடியும் இடத்தில், தண்ணீர் தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தட்டில் சோறும் ரசமும் மேலே வந்தது. யாரும் பக்கத்தில் இல்லாமல் சாப்பிட்டுப் பழகியவன் நான். அன்றைக்கு மட்டும், கீழே அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றும் கரண்டிச் சத்தம் நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் பிரித்தேன். முன் கண்ணாடியைக் கழற்றி, வளையத்தை எடுத்து, மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கைக்கடிகாரம் போல இருந்தது. ஒரு ஓரத்தில் ஐந்தாறு பல்சக்கரங்கள் வரிசையாக, கடைசியில் இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சின்னக் கொக்கி. அந்தக் கொக்கி ஆடி ஆடித்தான் சக்கரங்களின் வேகத்தைக் குறைக்கிறது, அதுதான் விநாடியை அளக்கிறது என்று அரை மணியில் புரிந்துவிட்டது. புரிந்ததும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அதுதான் தப்பாகிப்போனது.

கார்மென்ட் கம்பெனிகளின் மெஷின்களில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது முனகினாலும் எண்ணெய் கேட்கிறது என்றுதான் காதில் விழும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் ஓடுகிற தலைகள் அவை, எண்ணெயிலேயே குளித்துக்கொண்டிருக்கும். காலையில் எண்ணெய் விடாமல் ஓட்டினவனைத்தான் கடையில் திட்டுவார்கள். என் உறையில் ஊசி மூக்கு வைத்த எண்ணெய்ப் புட்டி எப்போதும் இருக்கும். யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும் ஒரு சொட்டு. கொக்கிக்கு ஒரு சொட்டு. மாட்டிவிட்டு அழுத்தினேன். 'ர்ர்ர்ர்' என்று கடைசி வரை ஓடி, டக்கென்று மூடியது. பத்து முறை அழுத்தினேன், பத்து முறையும் மூடியது. டீச்சர் கைதட்டினார். அம்மா வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் சிரித்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு ஃபிலிம் போடலாம் என்று நான்கு மணிக்கு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார் டீச்சர். என் படம் என்று உலகத்தில் இருந்தது ஆதார் அட்டையில் ஒன்றுதான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், வெளியே வந்தார், ஃபிலிம் சட்டத்தைச் சொருகினார், அழுத்தினார். ஒரு சத்தம் கேட்டது. முடிந்தது என்று எழுந்து கதவுப் பக்கம் போனேன். எங்கேயும் ஒரு காரியம் முடிந்தால் எனக்கு உட்கார்ந்திருக்க வராது.

"அண்ணா, மூடவே இல்ல" என்றார் டீச்சர், பின்னாலிருந்து.

நான் கேட்டது திறந்த சத்தம். மூடுகிற சத்தம் வரவில்லை. அவர் தட்டி மூடினார். வீணாக்க வேண்டாம் என்று குளியலறையில் கழுவிப் பார்த்து, காகிதத்தில் அச்செடுத்தார். படத்தில் நாற்காலி தெளிவாக இருந்தது. அதன் முதுகுப் பிரம்புப் பின்னல் ஒவ்வொன்றையும் எண்ணலாம், என் நெஞ்சுக்குள்ளாகவே எண்ணலாம். முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கலக்கம். கதவுப் பக்கம் புகை மாதிரி ஒரு கோடு.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தன பேரோட எக்ஸ்ரேயப் பாத்திருப்பேன். எலும்புகூட இல்லாத ஆளை இப்பதாம்பா பாக்கறேன்."

நானும் சிரித்தேன். பிறகு லென்ஸை மேஜைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பிரித்தேன். தகடுகள் மேல் மழைத் தண்ணீர் பட்ட தார் ரோடு மாதிரி ஒரு பளபளப்பு. நான் விட்ட எண்ணெய் சக்கரங்களை விட்டு வழிந்து, தகடுகளின் இடுக்கில் ஏறியிருந்தது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் இருந்தால் எப்படி ஒட்டிக்கொள்ளுமோ அப்படி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இந்த மாதிரி ஷட்டருக்குள் எண்ணெயே இருக்கக் கூடாது. தகடுகள் காய்ந்து இருக்க வேண்டும். சக்கரங்களில் முதலில் இருந்த சிக்கலும், எப்போதோ யாரோ வைத்த மசகு காய்ந்து பசையானதுதான். துடைத்திருக்க வேண்டியதன் மேல் நான் இன்னும் ஊற்றியிருக்கிறேன்.

டீச்சரிடம் சொன்னேன். மேலாகத் துடைத்து மறைத்திருந்தால் ஓரிரு மணி நேரம் ஓடியிருக்கும், நானும் போயிருப்பேன். அவர், "நாளைக்கு சாயங்காலம் அட்மிஷன்" என்றார். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொன்னார்.

தெருமுனைக் கடையில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் வாங்கி வந்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொரு தகடாகத் துடைத்தேன். ஷட்டரைத் திறந்து மூடி, திரும்பவும் நனைத்துத் துடைத்து, காயவிட்டு, திரும்பவும் பளபளப்பு வந்தால் திரும்பவும் துடைத்து, இருட்டும் வரை அதே வேலை. குச்சிகள் முதலில் கறுப்பாக வந்தன, பிறகு பழுப்பாக, பிறகு வெள்ளையாக. தகடுகள் காய்ந்துவிட்டன. சக்கரங்களைத்தான் முழுசாகக் கழுவ முடியவில்லை. அந்தச் சக்கரக் கூட்டை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் திரும்பச் சரியான பல்லில் உட்காரவைக்க முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. எட்டாம் வகுப்பிலும் நான் நின்றது இந்த மாதிரி ஒரு இடத்தில்தான். தெரியாது என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது எழுந்து போகவில்லை, ஆனால் கூட்டையும் கழற்றவில்லை.

மேஜை விளக்கின் கீழே இருந்த வரையில் ஒரு விநாடி முழுசாக ஓடியது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மாடியில் மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில், எடுத்து அழுத்தினேன். 'ர்ர்...' அவ்வளவுதான். கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு அழுத்தினேன். ஓடியது. தரையில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அழுத்தினேன். நின்றது. மிச்சமிருந்த பசை சூட்டில் இளகுகிறது, குளிரில் இறுகுகிறது.

அம்மாவும் மகளும் முதல் பூசைக்குப் போனார்கள். நான் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு லென்ஸை அணைத்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து அப்பாவிடம் ஏதோ கேட்டது. வயிற்றுவலி என்று நினைத்திருக்கும். மடியில் எதையாவது இப்படி வைத்துக்கொண்டு நான் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மா பட்டுப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் முந்தானையைத் தாடைப் பக்கம் இழுத்துவிட்டார். அம்மா அதைத் தள்ளினார். நேராக, இருக்கிறபடி எடுக்கச் சொன்னார். நான் வயிற்றிலிருந்து லென்ஸை எடுத்து, ஓட்டிக் காட்டி, கேமராவில் மாட்டினேன். டீச்சர் துணிக்குள் போய்த் தெளிவு பார்க்க ஏழெட்டு நிமிடம் ஆனது. ஃபிலிம் போடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று அழுத்தினார். திறந்து நின்றது. தட்டி மூடினார். நான் திரும்பக் கழற்றி வயிற்றில் வைத்து, சுடவைத்து, மாட்டினேன். அதற்குள் தெளிவு கலைந்திருந்தது. அவர் பார்த்து முடிக்கிற நேரத்தில் அது ஆறியிருந்தது. மூன்று முறை இப்படி ஆனது. ஃபிலிம் இன்னும் இரண்டுதான் இருந்தது. டீச்சர் துணிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவர் தோள் அசைவது துணிக்கு மேல் தெரிந்தது.

அம்மா நாற்காலியிலிருந்து எழாமலே என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அது தொறந்தா மூடாது. அவ்ளதானே?"

"ஆமாம்மா."

"அப்ப தொறந்தே வை. வெளிய ஒரு மூடி போட்டுக்கோ. மூடிய எடுத்தா படம், போட்டா முடிஞ்சுது. ஒரு செகண்டு எதுக்கு? நாலு செகண்டுன்னாலும் நான் அசைய மாட்டேன். அசையாம இருக்க வெக்கறதுதான் எனக்குச் சம்பளமே."

ஒரு விநாடியைக் கையால் அளப்பது கஷ்டம், நான்கை எண்ணிவிடலாம். துளையை இன்னும் சுருக்கினால் நான்கு விநாடி வேண்டும். டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சுருக்கினார். நான் சமையலறையில் தேடி, ஊறுகாய் பாட்டிலின் கறுப்பு மூடியைக் கழுவி, உள்ளே ஃபிளானல் துணி ஒட்டினேன். லென்ஸின் வாயில் சரியாகப் பொருந்தியது. இரண்டு நாள் பல்சக்கரம் பார்த்தவனுக்குக் கடைசியில் கிடைத்த வேலை அது.

மூடியை எடுப்பதும் எண்ணுவதும் நான், ஃபிலிம் சட்டம் டீச்சர் என்று முடிவானது. அம்மாவுக்கு அது போதவில்லை. எக்ஸ்ரே அறையில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்காட்டினார். நான் சொன்னேன்.

"தைரியமே இல்ல குரல்ல. பேஷன்டு அசைஞ்சிடுவான். திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். மூன்றாவது முறை தலையாட்டினார். கைகளை மடியில் வைத்தார். நிமிர்ந்தார்.

"மூச்ச இழுங்க. புடிங்க. அசையாதீங்க."

மூடியை எடுத்தேன். ஒன்று. இரண்டு. ஜன்னல் வெளிச்சம் அவருடைய வலது கன்னத்தில் இருந்தது. மூன்று. கட்டி இருந்த பக்கம் நிழலில் இல்லை, அதுவும் தெரிந்தது. இமை அசையவில்லை, கழுத்து நரம்பு அசையவில்லை. இவ்வளவு நேரம் ஒரு மனுஷியின் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. நான்கு. மூடினேன்.

அவர் அப்படியே இருந்தார். டீச்சர் சட்டத்தை எடுத்துவிட்டார். அப்போதும் அப்படியே இருந்தார். பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"விடுங்கம்மா."

மூச்சை விட்டார். சொல்லாமல் எப்படி விடுவது என்று கேட்டார். இன்னொரு ஃபிலிமிலும் அதே மாதிரி எடுத்தோம்.

இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே அம்மா ஏதோ அதிகாரம் செய்வதும் மகள் சரிம்மா சரிம்மா என்பதும் கேட்டன. நான் வேட்டியை உதறி மடித்து, கருவிகளை உறையில் சுருட்டினேன். எண்ணெய்ப் புட்டியைக் கடைசியாகச் சொருகினேன்.

அச்சு ஈரமாக வந்தது. முகம் முகத்தின் அளவிலேயே இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் உதடும் கன்னத்துப் புள்ளிகளும் இருந்ததை விட இருண்டிருந்தன. தாடை, கட்டி, கட்டிக்குக் கீழே மடிந்த தோல், காதோரத்து நரை, எல்லாம் இருந்தன. அம்மா அதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். "கொஞ்சம் கறுத்துட்டேன்" என்றார். பிறகு, "திங்கக்கிழமைக்கு அப்புறம் யாராச்சும் இது யாருன்னு கேட்டா, இதுதான்னு சொல்லு" என்று மகளிடம் சொன்னார். மகள் தட்டுகளைக் கழுவப் போய் வெகு நேரம் கழுவினார்.

மதியம் சாப்பிடும்போது டீச்சர் கேட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை வீடு பூட்டியே கிடக்கும், மாடி அறையிலேயே இருக்கலாமே, காலையில் ஆஸ்பத்திரிக்கும் வந்தால் ஒரு ஆளாக இருக்கும் என்றார். ஒரு ஆளாக இருக்கும் என்றுதான் சொன்னார். நாளைக்கு வேலை இருக்கிறது என்றேன். இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. எண்ணெய் விட்டதற்கு வெட்கம் கொஞ்சம் இருந்தது. அது மட்டும் இல்லை. அந்த மேஜையில் மூன்றாவது தட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பழகிவிட்டால் திரும்பத் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பழக எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான்கு மணிக்கு ஆட்டோ வந்தது. பைகளை ஏற்றினேன். அம்மா உட்கார்ந்த பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். என் படம். நாற்காலியும் புகையும்.

"அடுத்த தடவ வந்தா ஒழுங்கா ஒக்காரு. எடுத்துக் குடுக்கறேன்."

சரிம்மா என்றேன். ஆட்டோ போன பிறகு கேட்டைப் பூட்டி, சாவியை அவர்கள் சொன்ன பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நடந்தேன். படம் தோல் உறைக்குள் சுருண்டு இருந்தது.

அன்று ஈஜிபுராவில், முன்பு கூட வேலை பார்த்த ஒருவருடைய அறையில் ஆறு பேரோடு படுத்தேன். அவர் வேலை செய்யும் கார்மென்ட் கம்பெனியில் மெக்கானிக் ஒருவர் நின்றுவிட்டார் என்றார். திங்கட்கிழமை காலை அவரோடு போனேன். சூப்பர்வைசர் என் கையைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மெஷின் லைனில் நிற்கச் சொன்னார். தையல்காரப் பெண்கள் வருவதற்கு முன்னால் இருபத்து நான்கு மெஷின்களுக்கும் எண்ணெய் விட வேண்டும், அதுதான் முதல் வேலை.

எட்டு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சுவரில் கடிகாரம் எட்டைக் காட்டியபோது நான் பதினோராவது மெஷினில் இருந்தேன். புட்டியைச் சாய்த்து, ஒரு சொட்டு விட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. விட்டுவிட்டு, பன்னிரண்டாவது மெஷினுக்குப் போனேன்.